கிள்ளானில் அறுபத்தொரு கிலோ

பிரிக்பீல்ட்ஸில் ஒன்றரை மணி நேரம் கவிதையைப் பற்றிப் பேசினேன். பேசி முடித்ததும் என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, நான் எத்தனை கிலோ என்பது.

வெள்ளிக்கிழமை மாலை. பழைய கடைவரிசை ஒன்றின் இரண்டாம் மாடி. நாற்பது நாற்காலி, பதினேழு பேர். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்பது மழை விட்டதும் தெரிந்தது. குளிர்சாதனம் என்னைவிட உரக்கப் பேசியது. ‘கடலும் கவிதையும்’ என்று தலைப்பு. நாகப்பட்டினத்தில் பிறந்தவன் என்பதால் எனக்குக் கடல் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். முப்பது வருடமாக நானும் அதைத் திருத்தவில்லை. அப்பா தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நான் படகில் போன அதிகபட்ச தூரம், ஏற்காட்டு ஏரியை மிதிபடகில் அரைச் சுற்று. மீதி அரைச் சுற்றுக்குக் கால் வலித்துவிட்டது.

கேள்வி கேட்டவர் விமலா. என்னை அழைத்துக் கடிதம் எழுதிய வாசகர் வட்டத்தின் செயலாளர். நாற்பத்து நான்கு வயது. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. சீருடையோடு, தடித்த தொழிற்சாலைக் காலணியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அச்சில் வார்த்த வாளிகளை நாள் முழுதும் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண்ணால் என்னையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க எடை என்ன?”

“அறுபத்தொன்று.”

“பெர்பெக்ட் லா!”

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் துறைமுகப் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி. ஒரு படகுக்கு இரண்டு பேர். விமலாவோடு எப்போதும் போகும் மாமன் மகன் சுரேஷுக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலைக் காற்று மெலிசாக இருக்கும், கூட வருகிறவர் எடை குறைந்தவராக இருக்க வேண்டும்.

“எனக்கு ஒன்றும் தெரியாதே அம்மா.”

“தெரிய வேணாம் சார். இந்தப் பக்கம் உக்காருன்னா உக்காரணும், அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம். எங்க ஆளுங்க எல்லாம் ரொட்டி சானாய் தின்னுட்டு எண்பதுல நிக்கறாங்க. நீங்க நாகப்பட்டினம் வேற. கடல்லயே பொறந்தவரு.”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு வந்த பதின்மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புன்னகை செய்தேன்.

*

சனிக்கிழமை கிள்ளானுக்கு ரயில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடக்கிற தூரத்தில் நிலையம். நம் ஊர் விமான நிலையத்தையும் துணிக்கடையையும் சேர்த்துக் குலுக்கிக் கொட்டிய மாதிரி ஒரு கட்டடம். அதன் அடிவயிற்றில் ரயில்கள் வந்து சத்தமில்லாமல் வாய் திறக்கின்றன. திறந்த முதல் வாயில் நுழைந்தேன். பெட்டி முழுக்கப் பெண்கள். முக்காடிட்ட ஒரு மலாய் அம்மாள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மலாயில் சொன்னது இப்படி இருக்கலாம்: “மாமா, இது பெண்கள் பெட்டி. பக்கத்துப் பெட்டிக்குப் போங்க. அங்க எல்லாரும் உக்காரலாம், உங்களை மாதிரி ஆளுங்ககூட.”

பக்கத்துப் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது. ஊர் ஓடியது. அடுக்குமாடிகள், எண்ணெய்ப் பனை, மறுபடி அடுக்குமாடிகள், ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஏதோ ஒரு சொர்க்கத்தின் பெயர். அழகான நாடுதான், தன்னைத் தானே விளம்பரம் செய்துகொள்ளாமல் ஐந்து நிமிடம் இருக்க முடிந்தால். நாற்பத்தைந்து நிமிடம் கழித்துப் பெயர்ப்பலகையில் காஜாங் என்று படித்தேன். கிள்ளான் நேர் எதிர்ப்பக்கம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். சொல்லிவிட்டு, “இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, சாத்தே சாப்பிட்டுப் போங்க பாஸ்,” என்றார்.

சாப்பிட்டேன். குச்சியில் கோத்த கோழி, கரியில் வாட்டியது. தொட்டுக்கொள்ள நிலக்கடலைக் குழம்பு. அதில் நம் வீட்டில் பாயசத்துக்குப் போடுகிற அளவு சர்க்கரை. இதற்காக மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களாம். பத்துக் குச்சியோடு வெறுத்துப் போய், இன்னும் பத்துக் குச்சி சொன்னேன்.

கிள்ளான் நிலையத்தில் விமலா சின்னக் காரோடு காத்திருந்தார்.

“காஜாங்கா? ஐயோ சார்! சாத்தே எத்தனை?”

“இருபது.”

அவர் முகம் வாடியது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளியலறை எடைக்கருவியில் ஏற்றினார். அறுபத்தொன்று புள்ளி நான்கு. “பரவால்ல. ராத்திரி கஞ்சி மட்டும்,” என்றார். ஒரு நாட்டின் விருந்தோம்பல் இப்படித்தான் எனக்கு வாய்த்தது.

சாயங்காலம் படகைக் காட்டினார். கழிமுகத்தை ஒட்டி ஒரு கிளப். ஓலைக்கூரைக்குக் கீழே ஏழு படகுகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஏழும் ஒன்றே. ஒரே அச்சு, ஒரே நீளம், ஒரே பாய். படகின் நீளம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும். பாயின் துணி கூடுதலாக ஒரு சாண் இருந்தாலும் செல்லாது. படகின் எடையைத் தராசில் தூக்கிப் பார்ப்பார்கள். யாரும் தனக்கென்று ஓர் ஆணி அடித்துக்கொள்ள முடியாது.

“அப்போதானே சார் யாரு நல்லா ஓட்டறாங்கன்னு தெரியும்? படகு மேல பழி போட முடியாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் மனிதனுக்கு மிச்சமிருப்பதே பழி போட நாலு சாமான்தான். அதையும் பிடுங்கி வைத்துவிட்டு, எஞ்சினையும் கழற்றிவிட்டு, கிளம்பிய இடத்துக்கே மெதுவாகவும் நனைந்தும் திரும்பி வருவதற்கு ஒரு விளையாட்டு. எங்கள் ஊரில் மீன் கிடைக்காவிட்டால் எவனும் கடலுக்குப் போக மாட்டான் என்றேன், ஏதோ தினமும் வலை இழுக்கிறவன் மாதிரி.

விமலா அதைக் காதில் வாங்கவில்லை. படகின் வயிற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார். நான்கு வருடமாக அவர் மூன்றாவது. முதல் இரண்டு படகுகள்தான் மாநில அணியில், திரங்கானுவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகும். இந்த வருடப் புள்ளிக் கணக்கில் அவரும் பல் டாக்டர் லோவும் இரண்டாம் இடத்தில் சமம். நாளை யார் முன்னால் வருகிறாரோ அவர் போவார். அடுத்த வருடம் விமலாவுக்கு வேலையில் உயர்வு, ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை என்பதே இருக்காது.

“அதனால நாளைக்கு மட்டும்தான் சார்,” என்றார்.

*

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பசியாறினோம். இங்கே காலை உணவுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்காக இந்த நாட்டை மன்னிக்கலாம். நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் ஒருவர் நடத்தும் கடை. எனக்குப் பாதி ரொட்டி, மீதியை விமலாவே எடுத்துக்கொண்டார்.

கடைக்காரர் என் ஊரைக் கேட்டதும் மலர்ந்துவிட்டார். “நாகப்பட்டினமா! அப்ப இந்த அக்கா இன்னிக்கு ஜெயிச்ச மாதிரிதான்!”

நான் தேநீரை ஊதி ஊதிக் குடித்தேன்.

படகில் ஏறியதும் நீரைப் பார்த்தேன். இதைக் கடல் என்று யார் சொன்னது? தேயிலைக் கசடு நிறத்தில் ஒரு கால்வாய். இரு பக்கமும் சதுப்புக் காடு, வேர்கள் முழங்கால் மடித்து நிற்கின்றன. சேற்றில் மீன்கள் நடக்கின்றன. தூரத்தில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், தலை குனிந்த ஒட்டகங்கள் போல. நண்டுத் தீவுக்குப் போகும் பயணிப் படகு டீசல் புகையோடு கடந்து போக, அதன் அலை எங்களை ஒரு முறை தூக்கித் தட்டியது.

ஊதல் ஒலித்தது. ஏழு படகும் கிளம்பின.

பாய்மரப் படகு காற்றுக்கு எதிரே நேராகப் போகாது. இது எனக்குத் தெரியாது. போக வேண்டிய மிதவை கண்ணெதிரே இருக்கிறது. படகு இடப்பக்கம் சாய்ந்து கொஞ்ச தூரம், திரும்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம், குடித்தவன் வீட்டுக்குப் போவது போல. ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும். முதல் முறை தலை குனிய மறந்தேன்.

“குனிங்க அண்ணே! குனிங்க!” சாரிலிருந்து அண்ணனுக்கு மாற ஓர் அடி போதுமாயிருந்தது. “இந்தப் பக்கம் வாங்க. மெதுவா! யானை மாதிரி குதிக்காதீங்க, பூனை மாதிரி. ஷீட்டை இழுங்க!”

ஷீட் என்றால் பாய் என்று நினைத்துத் துணியைப் பிடித்தேன். கயிற்றுக்குத்தான் அந்தப் பெயராம். இழுத்தேன். ஈரக் கயிறு உள்ளங்கையை வாங்கிக்கொண்டு போனது.

நடுவில் ஒரு நிமிடம் மட்டும் ஒன்று நடந்தது. காற்று நிறைந்து, விமலா சுக்கானை ஒரு விரலளவு அசைக்க, இருவரும் விளிம்பில் உடம்பை வெளியே சாய்க்க, படகு சட்டென்று பேச்சை நிறுத்தியது. தட்டல் இல்லை, குலுக்கல் இல்லை. அடியில் நீர் பட்டுப் போலக் கிழிகிற ஒலி மட்டும். ஒரு வரி, யாரும் எழுதாமல் தானாக எழுதிக்கொண்டு போவது போல. சரி, ஒரு நிமிடம். அதற்கு மேல் புகழ்வதற்கு என் உள்ளங்கை இடம் தரவில்லை.

கடல் பக்கத்து மிதவையைச் சுற்றிக் கிளப் பக்கம் திரும்பியபோது நாங்கள் மூன்றாவது. டாக்டர் லோ மூன்று படகு நீளம் முன்னால். எல்லோருக்கும் முன்னே போன படகு அப்போதே எல்லைக்கோட்டைத் தாண்டி ஊதல் வாங்கிவிட்டது. இன்னும் முந்நூறு மீட்டர் இருக்கும். காற்று செத்தது.

பாய்கள் துவண்டன. வெயில் தட்டு தட்டாக இறங்கியது. கரையோர மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது முன்னால் நகர்ந்து போனது. கடல் வற்றத் தொடங்கியிருந்தது. கழிமுகத்தின் மொத்த நீரும் எங்களைத் தூக்கிக்கொண்டு பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

விமலா உதட்டை அசைக்காமல் சொன்னார். “அண்ணே. காலடியில வாளி இருக்கு பாருங்க. அதுல ஆங்கர். வலது பக்கமா இறக்குங்க. தண்ணிச் சத்தமே வரக் கூடாது. குழந்தையைத் தொட்டில்ல போடற மாதிரி.”

கை அகலத்தில் மடக்கு நங்கூரம். நீல நைலான் கயிறு, மிதக்கிற ரகம். மற்றவர்கள் கண்ணில் படாத பக்கமாக இறக்கினேன். கயிறு ஓடியது, நின்றது. பாய்மரத்தடியில் இருந்த கொம்பில் சுற்றினேன். படகு மூக்கைத் திருப்பி நின்றுவிட்டது.

“இப்ப சும்மா உக்காருங்க. பாயையே பாருங்க. ஓட்டற மாதிரி மூஞ்சி வைங்க.”

ஓட்டுகிற மாதிரி முகம் வைத்தேன். வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான கடல் வேலை அது. டாக்டர் லோவின் படகு வால் முன்னாக எங்களைக் கடந்து பின்னே போனது. அவர் தன் பாயைப் பார்த்தார், எங்கள் பாயைப் பார்த்தார், மறுபடி தன் பாயைப் பார்த்துக் கயிற்றைத் தளர்த்தினார், இறுக்கினார். மற்ற நால்வரும் அவருக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். அசையாமல் நின்றே நாங்கள் ஐந்து பேரையும் தோற்கடித்துக்கொண்டிருந்தோம்.

“இது ஏமாற்று இல்லையா?” என்றேன்.

“ஏன்? எல்லா படகுலயும் ஒண்ணு இருக்கு. அவங்க போடல, நாம போட்டோம். ஆனா ஒண்ணுண்ணே, போட்டதை எடுத்துட்டுத்தான் கிளம்பணும். இழுத்துப் பாத்து நெசமாவே வரலன்னாத்தான் விட்டுட்டுப் போகலாம். அது ரூல்.”

பத்து நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கூச்சல்: “அவ நங்கூரம் போட்டிருக்கா! அடப்பாவிகளா!” உடனே படகு படகாகத் தொப்பென்று ஒலி. அதற்குள் லோ அரைக் கிலோமீட்டர் போயிருப்பார். விமலா முதல் முறையாகச் சிரித்தார். பல் வரிசை தெரிய, நாற்பத்து நான்கு வயது காணாமல் போகிற சிரிப்பு.

பிறகு காற்று வந்தது. கடலிலிருந்து வந்தது, அதனால் முதலில் அவர்களுக்கு வந்தது. தூரத்தில் நீர் கறுத்தது. லோவின் பாய் நிறைந்தது. அவர் ஆள் நங்கூரத்தைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துப் படகில் போட்டுவிட்டான். வெள்ளைப் பாய் எங்களை நோக்கி வளரத் தொடங்கியது.

“எடுங்கண்ணே! எடுங்க!”

விமலா பின்னால் திரும்பிக் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் மண்டியிட்டுக் கயிற்றைத் தொட்டேன். கம்பி போல விறைத்திருந்தது. என் கையில் கொப்புளம் உடைந்திருந்தது. உப்பு பட்டு எரிந்தது. லோவின் பாய் இன்னும் பெரிதானது. கொம்பிலிருந்து கயிற்றைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். நீல முனை படகின் விளிம்பைத் தாண்டி நீருக்குள் போவதைப் பார்த்தேன்.

“மாட்டிக்கொண்டது! வரவில்லை! விட்டுவிட்டேன்!” என்று கத்தினேன்.

“நல்லா இழுத்தீங்களா?”

“இழுத்தேன்!”

படகு பாய்ந்தது. எல்லைக்கோட்டில் எங்கள் மூக்குக்கும் லோவின் மூக்குக்கும் இடையே ஒரு கை நீளம். ஊதல் எங்களுக்கு.

*

கரையில் குழாய் நீரில் படகைக் கழுவினோம். லோ ஆளுக்கொரு ஐஸ் தேநீரோடு வந்து விமலாவின் தோளைத் தட்டினார். “திரங்கானுவுல நல்ல மீன் கிடைக்கும், சாப்பிட்டு வா,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தோற்றவர்கள் இங்கே இப்படிப் பேசுவதும் விளையாட்டு விதிகளில் ஒன்று போலிருக்கிறது.

மேசையில் ஒரு தாள். முடித்தவர்கள் எல்லோரும், விதிப்படி ஓட்டினேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஊதல் ஊத ஓர் ஆள் உண்டு, நடுவர் கிடையாது. பார்த்தவர்கள் கிடையாது. தாள் மட்டும்தான். பேனா ஒரு நூலில் தொங்கியது. விமலா அதைக் கையில் எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, எப்படி இருந்துச்சு? அசையவே இல்லையா?”

“பாறை மாதிரி.”

“அங்க சேறுதான். ஆழமா புதைஞ்சிருக்கும் லா,” என்று எனக்காக அவரே சொல்லிக்கொண்டார். பேனாவை விட்டார். “ஆங்கர் கிளப்போடது. மொதல்ல அதை எடுத்துட்டு வந்துடுவோம். வாங்க.”

நான் வரவில்லை, களைப்பாக இருக்கிறது என்றேன். இடம் காட்ட ஆள் வேண்டும் என்றார்.

மீட்புப் படகை ஓட்டுகிற பாக் மான் எங்களை ஏற்றிக்கொண்டார். அறுபது வயது மலாய்க்காரர், சட்டை பட்டன் எல்லாம் திறந்து, உதட்டில் சுருட்டிய சிகரெட். எஞ்சின் இரண்டு நிமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இடம் காட்ட ஒன்றும் இல்லை. நீலக் கயிறு நீர்மேல் வளைந்து வளைந்து, யாரோ கிறுக்கிவிட்டுப் போனது போல மிதந்துகொண்டிருந்தது.

பாக் மான் ஒரு கையை எஞ்சின் பிடியில் வைத்திருந்தார். மற்றக் கையால் கயிற்றை எடுத்து, முழங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தார். சிகரெட் சாம்பல்கூட உதிரவில்லை. நங்கூரம் மேலே வந்து, ஒரு பிடி சேற்றோடு, சொட்டிக்கொண்டு தொங்கியது.

“நல்லாத்தானே வருது?” என்றார் மலாயில். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விமலா நங்கூரத்தை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். மடக்கு சரியாக இருக்கிறதா, கொக்கி வளைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தக் குறையும் இல்லை. நீரில் அலசினார். மடக்கி வாளியில் வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கரையில் அந்தத் தாளில் தன் பெயருக்கு எதிரே, போட்டியிலிருந்து விலகினேன் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். லோ அதையும் வாளியிலிருந்த நங்கூரத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினார். “என்ன பண்றே? யாரும் பாக்கலையே?”

“நான் பாத்தேன் லா,” என்று நூலில் பேனாவைத் தொங்கவிட்டார்.

மாலை விமானம். காரில் அவர் பாட்டுப் போடவில்லை. வழியில் ஒரு கடையில் நிறுத்தி, “இப்ப நல்லா சாப்பிடுங்க சார், எடையைப் பத்திக் கவலை இல்ல,” என்றார். குத்திக் காட்டவில்லை. அப்படியேதான் சொன்னார். அதைத் தாங்குவது கஷ்டமாக இருந்தது. வாழையிலையில் சோறு, இரண்டு வகை மீன், அப்பளம் மலை மாதிரி. நம் ஊர்ச் சாப்பாட்டைக் குறைசொல்ல இடமில்லாத அளவுக்குச் செய்திருந்தார்கள். அதுவும் எரிச்சலாக இருந்தது.

கைப்பேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சுரேஷ். விமலா கையில் சோறு இருந்ததால் ஒலிபெருக்கியைப் போட்டார்.

“அக்கா! என்னாச்சு? எத்தனாவது?”

“ரிட்டயர் ஆயிட்டோம் டா.”

“அலமாக்! ஏன்? கவுந்துடுச்சா?”

“இல்ல. ஆங்கரை எடுக்காம வந்துட்டேன். என் தப்புதான்.”

“நீயா? நீ எப்படிக்கா...” என்று அவன் நிறுத்தினான். பலவீனமான, காய்ச்சல் குரல். “நாலு வருஷம்க்கா.”

“தெரியும் லா. நீ தண்ணி குடிச்சியா? பிளேட்லெட் எவ்வளவு?”

நான் எச்சில் கையோடு மேசைமேல் இருந்த கைப்பேசியை என் பக்கம் இழுத்தேன். என் பெயரைச் சொன்னேன். கயிற்றை அவிழ்த்துவிட்டது நான் என்றேன். அக்காவுக்கு அது தெரியாது, அவர் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன்.

“எத்தனை தடவை இழுத்துப் பாத்தீங்க சார்?”

“இழுக்கவே இல்லை.”

அந்தப் பக்கம் வார்டின் ஒலி கேட்டது. ஏதோ ஒரு தள்ளுவண்டி, யாரோ ஒருவரின் இருமல். விமலா மோர் மிளகாயை இலை ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“போனை அக்காகிட்ட குடுங்க,” என்றான் சுரேஷ்.

தள்ளி வைத்தேன்.